இரண்டு பேருக்கான வாள்

கைவாள் முடிந்தது.
முதுகில் பித்தளை வரிச்சு வைத்த பொருத்துவாள் முடிந்தது.
முறுக்குக் கயிறு கட்டிய வில்வாளும்
போன வெள்ளியோடு முடிந்தது.
எல்லாம் ஆறில் ஒன்று. எல்லாம் அறுக்கும்.
அறுக்காத வாள் செய்ய எனக்கு நேரமில்லை.

பகலில் கஸ்தூரியார் வீதியில் மணிக்கூடு திருத்துகிறேன்.
இனி ஓடாதென்று ஆட்கள் விட்டுப்போகும்
எட்டுநாள் சாவிக்காரரின் சுருள்வில்தான் என் உருக்கு.
சிவக்கக் காய்ச்சி நிமிர்த்தி, பல் வெட்டி,
மறுபடி சிவக்கவைத்து நல்லெண்ணெய்க்குள் விட்டால்
குசினி இரண்டு நாள் மணக்கும்.

முதல் வாளில் ஒரு பிழை விட்டேன்.
பல்லையும் ஆறில் ஒன்றாக்கினேன்.
மூன்று இழுப்பில் பல்லிடை தூளால் அடைபட்டு
வேம்பின் மேல் வழுக்கி ஓடியது.
வாளைச் சிறிதாக்கலாம்.
வேம்பின் நாரைச் சிறிதாக்க ஆர் இருக்கிறார்?
அங்குலத்துக்கு நாற்பத்தெட்டுப் பல் கேட்டது கணக்கு.
முப்பதுக்கு ஒத்துக்கொண்டது மரம்.

பிறகு பல் சாய்ப்பது.
ஒன்று இடம், அடுத்தது வலம்,
ஊசிமுனையில் ஒரு தட்டு.
எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் வாள் கோணி ஓடும்.
எதுவும் சாயாவிட்டால்
தான் வெட்டிய வாய்க்குள் தானே இறுகி நிற்கும்.

மிச்சம் இருந்தது நெடுவாள்.
கொழும்புத்துறை மரக்காலைச் சுவரில் ஒன்று தொங்கியது, ஆறடி.
"வாங்கவோ?" என்றார் செபரத்தினம்.
"இல்லை, அளக்க."
ஒரு விநாடி பார்த்தார்.
பிறகு நாடாவின் மற்ற நுனியைப் பிடித்தார்.

ஆறடி ஓரடியானது.
இரு முனையிலும் கருங்காலிப் பிடி, நெருப்புக்குச்சி மொத்தம்.
சாப்பாட்டு மேசையில் விரல்தடிப் பூவரசங்கொப்பை
இடுக்கியில் இறுக்கினேன்.
இரு கையாலும் நானே பிடித்துப் பார்த்தேன்.
தள்ளும் கை எதுவோ அந்தப் பக்கம் நெளிந்தது.
மறுமுனையில் இறப்பர் பட்டி கட்டினேன்.
நன்றாகத்தான் இழுத்தது.
எப்போது விடுவதென்று அதற்குத் தெரியவில்லை.

விறாந்தையில் தயாபரன்,
கோண்டாவில் டிப்போச் சட்டை கழற்றாமல்.
நாங்கள் கதைத்து நாலு நாள்.
நவத்தின் ஓட்டோ லீசுக்கு அவர் பிணை நின்றதை
லீசுக்கொம்பனிப் பெட்டை ஒருத்தி
போனில் எனக்குச் சொன்ன நாள்முதலாய்
தேத்தண்ணி மூடிபோட்டு வரும்,
சொல் வராது.

"இஞ்ச ஒருக்கா வாங்கோ. வாளுக்கு ஆள் வேணும்."

கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து எதிரே இருந்தார்.
கிறீஸ் ஊறிய நகங்களுக்கிடையே
பிடி காணாமல் போனது.

"தள்ளாதேங்கோ."
"நான் தள்ளேல்லை."
"தள்ளினனீங்கள். இழுங்கோ, பிறகு சும்மா விடுங்கோ."
"சும்மா விடுறதெண்டா?"
"பிடிச்சபடி விடுறது."

இரண்டு தரம் நெளிந்தது.
மூன்றாம் தரம் அவர் மூச்சைப் பிடித்தார், அதுவும் பிழை.
பிறகு எப்படியோ வந்துவிட்டது.
என் பக்கம், அவர் பக்கம், என் பக்கம்.
குரக்கன் மாவிலும் மெல்லிசாய்த் தூள்
மேசைவிரிப்பின் பூக்களில் விழுந்தது.

பாதிக் கொப்பில்,
கண்ணை வாளில் இருந்து எடுக்காமல் சொன்னார்:
"இனி அவை உம்மட நம்பருக்கு எடுக்கமாட்டினம்."
நான் பதில் சொல்லவில்லை.
என் முறை. இழுத்தேன்.
அவர் விட்டார்.

ஐம்பது சதக் குற்றியளவு வட்டமொன்று
கழன்று உருண்டு கறிக்கோப்பையில் முட்டி நின்றது.
வெட்டுமுகம் வழவழப்பு. ஒரு ஓரத்தில் மட்டும் சிலிம்பல்.
அது ஆருடைய கையென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

கோபம் முடியவில்லை. கொப்புத்தான் முடிந்தது.

"இன்னொண்டு வெட்டிப் பாப்பமோ?" என்றவர்
பதிலுக்கு நில்லாமல் ரோர்ச் எடுத்துக்கொண்டு
வேலிக்கரைக்குப் போனார்.
வெளிச்சம் கதியால் கதியாலாய்
ஏறி இறங்குவதை யன்னலால் பார்த்தேன்.

"நேரானதாப் பாருங்கோ" என்றேன்,
அவருக்குக் கேட்கும்படி.